மோட்டார் ஓடுது, கம்பி ஏறல: பழைய காரின் பவர் ஆன்டெனாவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

பவர் ஆன்டெனா மக்கர் பண்ணினால் கடையில் கிடைக்கும் முதல் பதில், "முழு யூனிட்டும் மாத்தணும் சார்" என்பதுதான். பெரும்பாலும் அது தேவைப்படாது. உடைவது மேலே நீளும் கம்பியும் அதன் அடியில் வால் மாதிரி தொங்கும் நைலான் கயிறும்தான். மோட்டார் இன்னும் பல வருஷம் ஓடும் நிலையில் ஃபெண்டருக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பியை மட்டும் மாற்றினால் செலவு குறைவு, வேலையும் ஒரு மணி நேரத்துக்குள் முடியும். எது கெட்டிருக்கிறது என்பதைக் கழற்றாமலே கண்டுபிடிப்பதில்தான் மொத்த சூட்சுமமும் இருக்கிறது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த டொயோட்டா, ஹோண்டா, நிஸான் கார்களில் இருக்கும் பவர் ஆன்டெனாவும், 1995-ல் இந்தியாவுக்கு வந்த மெர்சிடிஸ் டபிள்யூ124-ன் பின் ஃபெண்டரில் இருப்பதும், அந்தக் காலத்தில் கான்டெஸாவுக்கும் எஸ்டீமுக்கும் வெளியில் வாங்கி மாட்டிய செட்டுகளும் அடிப்படையில் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. ரேடியோவை ஆன் செய்ததும் ஒரு மெல்லிய வயர் வழியாக 12 வோல்ட் சிக்னல் போகும். யூனிட்டுக்குள் இருக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மோட்டாரை ஒரு பக்கம் சுற்ற வைக்கும். மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்ற, அதன் பற்களில் நைலான் கயிற்றின் பற்கள் மாட்டிக்கொண்டு கம்பியை மேலே தள்ளும். ரேடியோவை அணைத்ததும் சிக்னல் போய்விடும், ரிலே திரும்பும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றி கயிற்றை உள்ளே இழுத்து ஒரு டிரம்மில் சுருட்டிவிடும். ரேடியோ அணைந்த பிறகும் இறங்க வேண்டுமே, அதற்கு பேட்டரியிலிருந்து நேராக வரும் நிரந்தர சப்ளை ஒன்று உண்டு. நிரந்தர சப்ளை, சிக்னல், எர்த். இந்த மூன்று வயரையும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சோதனைக்கு சத்தமில்லாத இடத்தில் காரை நிறுத்துங்கள். ஆன்டெனா பின்னால் இருந்தால் டிக்கியைத் திறந்து வையுங்கள், முன்னால் இருந்தால் அந்தப் பக்கச் சக்கரத்தருகே குனிந்து காதை வையுங்கள். சாவியை ஏசிசி-யில் வைத்து ரேடியோவை ஆன் செய்து ஆஃப் செய்ய ஒரு ஆள் வேண்டும். கேட்கும் சத்தத்தைப் பொறுத்துதான் அடுத்த வேலை.

மோட்டார் ஓடுகிறது, கம்பி அசையவே இல்லை

அதிகம் வருவது இதுதான். 'விர்ர்' என்று சில வினாடிகள் ஓடி நின்றுவிடும். ரேடியோவை அணைத்தாலும் அதே சத்தம். அப்படியானால் மூன்று வயரும் சரி, மோட்டாரும் சரி. கயிறு அறுந்திருக்கிறது, இல்லையென்றால் பல் மழுங்கியிருக்கிறது. பழைய நைலான் வெயிலில் காய்ந்து மொறுமொறுவென்று ஆகிவிடும். கம்பி எங்கேயாவது இறுகிய ஒரு நாளில் பட்டென்று போய்விடும். கேட்டில் இடித்து கம்பி வளைந்த கார்களிலும், தெருப்பிள்ளைகள் இழுத்துப் பார்த்த கார்களிலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

புதுக் கம்பி வாங்கும்போது 'எல்லா காருக்கும் சேரும்' என்று எழுதிய பாக்கெட்டை நம்பி வாங்காதீர்கள். பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முழுதாக நீட்டினால் எவ்வளவு நீளம், மடக்கினால் எவ்வளவு, அடிப்பகுதிக் குழாயின் தடிமன், கயிற்றின் தடிமன், பற்களின் இடைவெளி, எல்லாம் ஒத்துப்போக வேண்டும். பல் இடைவெளி கொஞ்சம் மாறினாலும் ஏறும்போதே 'கடகட' என்று தாவும். சென்னையில் ஜி.பி. ரோட்டில் புதுசு தேடலாம், கிடைக்காத மாடலுக்குப் புதுப்பேட்டை. கொழும்பில் என்றால் பஞ்சிகாவத்தை. பழைய யூனிட் ஒன்றை முழுதாக வாங்கி அதன் கம்பியை மட்டும் எடுத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் அதன் நைலானும் உங்களுடையது அளவுக்கே வயசானதாக இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

மாற்றும் முறை இது. சாவி ஆஃப், ரேடியோ ஆஃப். ஆன்டெனா துவாரத்தைச் சுற்றி பெயிண்டின் மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். இதைச் சோம்பேறித்தனத்தில் விட்டவர்கள் ஃபெண்டரில் எல்லாம் பிளையர் கீறல் இருக்கும். மேலே தெரியும் நட்டில் எதிரெதிராக இரண்டு சின்ன வெட்டு இருக்கும். சர்க்ளிப் பிளையரோ கூர்மூக்கு நோஸ் பிளையரோ அந்த வெட்டில் உட்காரும். சில கார்களில் வெட்டு இல்லாமல் தட்டையான பக்கம் இருக்கும், அதற்கு ஸ்பேனர். நட்டு பூத்துப்போய் அசையவில்லை என்றால் முதல் நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்பிரே அடித்துவிட்டுப் படுங்கள். சுத்தியலால் தட்டிக் கழற்ற வேண்டாம், கீழே இருக்கும் குழாய் நசுங்கினால் பிறகு முழு யூனிட்தான்.

நட்டு வந்ததும் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உள்ளே இருப்பவரை ரேடியோ ஆன் செய்யச் சொல்லுங்கள். கயிறு அறுந்திருக்காவிட்டால் மோட்டாரே கம்பியையும் கயிற்றையும் மேலே தள்ளி வெளியே விட்டுவிடும். வரும் வேகத்துக்கு விட்டால் கம்பி சாய்ந்து பெயிண்டில் விழும், பிடித்தே இருங்கள். அறுந்திருந்தால் மோட்டார் உதவாது, கையால் நேராக மேலே இழுத்தால் கம்பி மட்டும் வரும்.

வெளியே வந்த கயிற்றின் முனையை உற்றுப் பாருங்கள். பழைய கயிற்றையும் புதுக் கயிற்றையும் ஒட்டிப் பிடித்தால் எவ்வளவு உள்ளே தங்கியிருக்கிறது என்று தெரியும். ஒரே நீளம் என்றால் அடுத்த படிக்குப் போகலாம். குறைவாக இருந்தால் மீதித் துண்டு டிரம்முக்குள் கிடக்கிறது. அதை எடுக்காமல் புதுசைத் திணித்தால் இரண்டும் சிக்கி, நன்றாக இருந்த மோட்டாரும் கெடும்.

துண்டை எடுக்க யூனிட்டை இறக்கித்தான் ஆக வேண்டும். முன் ஃபெண்டர் என்றால் சக்கரத்தைக் கழற்றி உள் பிளாஸ்டிக் லைனரை விலக்கணும். பின்பக்கம் என்றால் டிக்கி ஓரத்து லைனிங். டபிள்யூ124 செடானில் இடது ஓரம். யூனிட்டின் வயர்கள் சேரும் கப்ளரைக் கழற்றும் முன் ஆன்டெனாவுக்கான ஃப்யூஸை மட்டும் எடுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றினால் அந்தக்கால ஹோண்டா ரேடியோ, மெர்சிடிஸில் வரும் பெக்கர் ரேடியோ எல்லாம் பூட்டிக்கொண்டு கோட் கேட்கும், கோட் அட்டை முதல் ஓனர் காலத்திலேயே போயிருக்கும். இறக்கிய யூனிட்டை ஒரு தட்டின் மேல் வைத்து, மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுத்துக்கொண்டே திறங்கள். நைலான் துணுக்கு ஒன்று விடாமல் பொறுக்குங்கள், கட்டிப்போன பழைய கிரீஸைத் துடைத்து பல்சக்கரத்துக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை லித்தியம் கிரீஸ். அவ்வளவுதான்.

இனி புதுக் கம்பி. பலர் தடுமாறும் இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள். ரேடியோ ஆனில் இருக்கட்டும், அதாவது மோட்டார் 'மேலே' நிலையில். கம்பியை முழுதாக நீட்டி, கயிற்றின் பல் பக்கம் பழையது எந்தத் திசை பார்த்து வெளியே வந்ததோ அதே திசையில் இருக்கும்படி துவாரத்தில் இறக்குங்கள். கயிறு சரசரவென்று இறங்கி ஒரு இடத்தில் முட்டும். அதுதான் பல்சக்கரம். லேசாக அழுத்தியபடி "ஆஃப்" என்று குரல் கொடுங்கள். மோட்டார் ஓடத் தொடங்கியதும் கயிறு கையிலிருந்து கீழே இழுபடுவதை விரலில் உணர்வீர்கள். இழுக்கவில்லை என்றால் கயிற்றை லேசாக இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள், பல் பொருந்தியதும் பிடித்துக்கொள்ளும். மோட்டார் சில வினாடிகள்தான் ஓடும். தவறினால் ரேடியோவை மறுபடி ஆன் செய்து, அது மேலே தள்ளி முடிக்கும் வரை கயிற்றைப் பிடித்திருந்து, திரும்ப ஆஃப். கம்பி நேராகப் போகும்படி கையால் வழிகாட்டினால் போதும், அமுக்கித் தள்ளக் கூடாது.

கடைசி ஒன்றிரண்டு அங்குலம் வெளியே நின்றுவிட்டால் பதற வேண்டாம். நட்டை இறுக்கிவிட்டு ரேடியோவை இரண்டு மூன்று முறை ஆன், ஆஃப் செய்யுங்கள், தானாகவே அளவு பிடித்து முழுதும் இறங்கும். டொயோட்டா சர்வீஸ் மேனுவலும் இதையேதான் சொல்கிறது.

நட்டு இறுக்குமுன் ஒன்று: கம்பியின் அடியில் ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். ஒரு ஓரம் விளிம்பு, மறு ஓரம் பிளவுபட்ட மெல்லிய விரல்கள். பழைய கம்பியோடு சேர்ந்து குப்பைக்குப் போய்விடுகிற சாமான் இது. அந்த விரல்கள்தான் கம்பியைத் தொட்டு சிக்னலை கேபிளுக்குக் கொடுக்கின்றன. அது இல்லாமலும் கம்பி அழகாக ஏறி இறங்கும், ரேடியோதான் கரகரக்கும்.

சத்தமே இல்லை

முதலில் ஃப்யூஸ். ஆன்டெனாவுக்குத் தனி ஃப்யூஸ் இருக்கும், இல்லையென்றால் கடிகாரம், டிக்கி லைட்டோடு சேர்ந்திருக்கும். அது சரி என்றால் யூனிட்டின் கப்ளரைக் கழற்றி டெஸ்ட் லேம்ப் பிடியுங்கள். நிரந்தர சப்ளை வயரில் சாவி இல்லாமலே லேம்ப் எரியணும். சிக்னல் வயரில் ரேடியோ ஆன் ஆனால் மட்டும் எரியணும். எர்த்தைப் பார்க்க லேம்பின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து மறுமுனையை எர்த் வயரில் தொடுங்கள்.

மூன்றும் சரியாக இருந்தும் மவுனம் என்றால் கோளாறு யூனிட்டுக்குள். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் ரிலே உயிரோடு இருக்கிறது, மோட்டார் இறுகியிருக்கிறது. உள்ளே தண்ணீர் போய் பிரஷ் பச்சை பிடித்துக் கிடப்பது கடலோர ஊர்களில் சகஜம். திறந்து, மோட்டாரின் இரண்டு முனைக்கும் நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள். முனை மாற்றினால் திசை மாறணும். சுற்றினால் சுத்தம் செய்து மாட்டலாம். சுற்றவில்லை என்றால் இப்போதுதான் கடைக்காரர் சொன்ன முழு யூனிட்.

ஏறுகிறது, இறங்க மறுக்கிறது

ரேடியோவை அணைத்தும் கம்பி நெட்டுக்குத்தாக நிற்கிறது, மோட்டார் சத்தமும் இல்லை. சில யூனிட்களில் நிரந்தர சப்ளை போனால் இப்படி ஆகும். மேலே ஏற்றுவதை சிக்னல் வயரே பார்த்துக்கொள்ளும், இறக்க ஆள் இருக்காது. ஃப்யூஸிலிருந்து ஆரம்பியுங்கள்.

புது ஸ்டீரியோ மாட்டிய கையோடு தொடங்கியிருந்தால் காரணம் வேறு. சிக்னல் வயரை யாரோ ஏசிசி சப்ளையிலேயே முறுக்கிவிட்டிருப்பார்கள். சாவியை எடுத்தால்தான் இறங்கும். இன்னும் மோசம், நிரந்தர சப்ளையோடு முறுக்கியிருந்தால் எப்போதுமே இறங்காது. வெளியில் வாங்கும் ஸ்டீரியோக்களில் நீல வயர் பவர் ஆன்டெனாவுக்கு, நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டது ஆம்ப்ளிஃபயருக்கு என்பது பரவலான வழக்கம். நீலத்தில் கொடுத்தால் பல செட்களில் ரேடியோ கேட்கும்போது மட்டும் கம்பி ஏறும், பென் டிரைவ் பாட்டுக்கு ஏறாது. கோடு போட்டதில் கொடுத்தால் செட் ஆனாலே ஏறும். என் ஓட்டு நீலத்துக்கு. பென் டிரைவில் பாட்டு கேட்டுக்கொண்டு போகும்போது மரக்கிளையில் இடிபட அந்தக் கம்பி எதற்கு வெளியே நிற்கணும்?

இரண்டில் எதுவானாலும் அது ரிலேவை இயக்க மட்டும்தான். பல செட்களில் 300 மில்லி ஆம்பியருக்கு மேல் தாங்காது. உள்ளே ரிலே இல்லாத பழைய மோட்டாரை நேராக அதில் கொடுத்தால் செட்டின் அந்த அவுட்புட் எரிந்துபோகும். நடுவில் தனி ரிலே போடுங்கள்.

'கடகட'வென்று அடித்துவிட்டு பாதியில் நிற்கிறது

அது ஆன்டெனா யூனிட்டுக்குள் இருக்கும் சின்ன கிளட்ச் வழுக்கும் சத்தம். கம்பி எங்கோ இறுகினால் மோட்டார் எரியாமல் இருக்க கிளட்ச் விட்டுக்கொடுக்கிறது. கம்பி எல்லைக்கு வந்ததும் ஒன்றிரண்டு முறை கேட்பது சில மாடல்களில் இயல்பு. நடுவழியில் கேட்டால் கம்பியில்தான் கோளாறு.

முக்கால்வாசி அழுக்குதான். கம்பி முழுதும் நீண்ட நிலையில், மண்ணெண்ணெய் தொட்ட துணியால் ஒவ்வொரு கட்டமாக மேலிருந்து கீழே துடையுங்கள். துணி கறுப்பாக வரும். காய்ந்த துணியால் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்ட துணியால் லேசாக ஓட்டி, ஏற்றி இறக்குங்கள். அடுத்த முறை ஏறும்போது உள்ளே இருந்த அழுக்கை வெளியே கொண்டு வரும், அதையும் துடையுங்கள். துணி சுத்தமாக வரும் வரை இதுதான் வேலை. கம்பிக்கு கிரீஸ் மட்டும் போடாதீர்கள், ரோட்டுத் தூசியெல்லாம் அதில் ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும்.

துடைத்தும் ஒரே இடத்தில் இறுகுகிறதென்றால் வளைவு. மெல்லிய குழாய் ஒரு முறை மடிந்தால் நிமிர்த்தினாலும் மடிந்த இடத்தில் வீங்கியே இருக்கும், அடுத்த கட்டத்துக்குள் போகாது. கம்பி மாற்ற வேண்டியதுதான். இப்படியே விட்டால் சில வாரத்தில் கயிறு அறுந்து முதல் அறிகுறிக்கு வந்து சேருவீர்கள்.

நன்றாக ஏறி இறங்குகிறது, ஸ்டேஷன்தான் தெளிவாக இல்லை

மல்டிமீட்டரை எடுங்கள். ஸ்டீரியோவின் பின்னாலிருந்து ஆன்டெனா பிளக்கை உருவி, அதன் நடு முனைக்கும் கம்பியின் உச்சிக்கும் தொடர்பு இருக்கிறதா பாருங்கள், இருக்கணும். நடு முனைக்கும் காரின் பாடிக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. பிளக்கின் வெளி வளையத்துக்கும் பாடிக்கும் இருக்கணும். முதலாவது இல்லையென்றால் கேபிள் அறுந்திருக்கிறது, அல்லது அந்தப் பித்தளை வளையம் காணோம். இரண்டாவதில் தொடர்பு காட்டினால் தண்ணீரோ அழுக்கோ ஷார்ட் செய்கிறது. மூன்றாவது இல்லையென்றால் ஃபெண்டருக்கு அடியில் யூனிட் பிடிக்கும் இடத்தில் துரு, சுரண்டி வெறும் தகடு தெரியும்படி செய்து இறுக்குங்கள். மீட்டர் பார்க்கும்போதே கம்பியை ஆட்டிப் பாருங்கள், குழியில் இறங்கும்போது மட்டும் கரகரப்பதன் காரணம் அங்கே பிடிபடும்.

எஃப்.எம்-ஐ மட்டும் வைத்து ஆன்டெனா நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். 100 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் சுமார் 75 சென்டிமீட்டர். ஆனால் ஊருக்குள் டவர் பக்கத்தில் இருப்பதால் உடைந்த அரையடிக் கம்பியிலும் எஃப்.எம் வந்துவிடும். மீடியம் வேவ் வைத்துப் பாருங்கள். சென்னைக்காரர்களுக்கு 720 கிலோஹெர்ட்ஸ் வானொலி நிலையம் நல்ல அளவுகோல். ஊரைத் தாண்டிப் போகப்போக அது எவ்வளவு தூரம் தெளிவாக வருகிறது என்பதே உங்கள் ஆன்டெனாவின் நிலை. ஒரிஜினல் பழைய ரேடியோ என்றால் ஆன்டெனா டிரிம்மர் என்ற சின்ன ஸ்க்ரூ ஒன்று இருக்கும். கம்பி மாற்றிய பிறகு 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பலவீனமான ஒரு ஸ்டேஷனை வைத்து, சத்தம் அதிகமாகக் கேட்கும் இடம் வரை அதை மெல்லத் திருப்புங்கள்.

ஜப்பானிலிருந்து நேராக இறக்கிய கார்களில், இலங்கையில் இது அதிகம், இன்னொன்று உண்டு. கம்பி, கேபிள் எல்லாம் பக்கா, ஆனால் 90-க்கு மேல் ஒரு ஸ்டேஷனும் இல்லை. அங்கே எஃப்.எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் இருந்தது, அந்தக்கால ரேடியோவும் அதோடு நின்றுவிடும். ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். கேபிளுக்கும் ரேடியோவுக்கும் நடுவில், 90-க்கு மேலுள்ள ஸ்டேஷன்களை ரேடியோவின் எல்லைக்குள் இறக்கித் தரும் பேண்ட் எக்ஸ்பாண்டர் மாட்டுங்கள், இல்லையென்றால் ஸ்டீரியோவை மாற்றுங்கள்.

மோட்டார் நிற்காமல் ஓடுகிறது, அல்லது காலையில் பேட்டரி டவுன்

எல்லைக்கு வந்ததும் மோட்டாரை நிறுத்தும் ஸ்விட்சோ ரிலேயோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆராய்ச்சி அப்புறம், முதலில் ஃப்யூஸைப் பிடுங்குங்கள். யூனிட்டைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கும். திறந்து காண்டாக்ட் முனைகளைச் சுத்தம் செய்தால் சில சமயம் சரியாகும். கருகிப் போயிருந்தால் யூனிட்.

மழை பெய்தால் டிக்கி ஓரம் ஈரம்

கம்பி இறங்கும் குழாய்க்குள் மழைத்தண்ணீரும் இறங்கத்தான் செய்யும். அதை வெளியேற்ற யூனிட்டின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் காரின் அடிப்பக்கம் போகும். அது மண்ணில் அடைத்தால், அல்லது யூனிட்டைக் கழற்றி மாட்டியவர் அதைத் துவாரத்தில் சொருக மறந்தால், தண்ணீர் மோட்டாருக்குள்ளும் டிக்கிக்குள்ளும் தேங்கும். நட்டு துவாரத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, காருக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டவில்லை என்றால் ஒரு மெல்லிய வயரைக் கீழிருந்து விட்டுக் குடையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு முறை பார்த்து வைத்தால் மோட்டார் தப்பிக்கும்.